கிள்ளான் வீட்டுக்கு எச்ஆர்வி தேவையா?

கேள்வி: கிள்ளானில் எங்களுக்கு இரட்டை மாடி வரிசை வீடு. இப்போது ரெனோவேஷன் நடக்கிறது. மேல்மாடியில் மூன்று படுக்கையறைகள், மூன்றிலும் ஏர்கோன். நானும் கணவரும் ஓர் அறை, பிள்ளைகள் இருவரும் ஓர் அறை, ஆஸ்துமா உள்ள மாமனார் ஓர் அறை. இரவு முழுக்கக் கதவும் ஜன்னலும் சாத்தியே இருக்கும். காலையில் எழுந்தால் தலை கனக்கிறது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. கனடாவில் இருக்கும் என் தம்பி, "அக்கா, இங்கே புது வீடுகளில் எல்லாம் எச்ஆர்வி என்ற வெப்பம் மீட்கும் காற்றோட்டக் கருவி இருக்கிறது. நீயும் போடு, காற்றும் சுத்தமாகும், கரண்டு பில்லும் குறையும்" என்கிறான். கண்டிராக்டரும் கொட்டேஷன் கொடுத்துவிட்டார். அடுக்களையிலிருந்தும் குளியலறைகளிலிருந்தும் பழைய காற்றை இழுத்து வெளியே தள்ளி, படுக்கையறைகளுக்குப் புதுக்காற்று விடுவாராம். போடலாமா?
— ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. உங்கள் படுக்கையறைகளுக்குப் புதுக்காற்று கட்டாயம் வேண்டும். ஆனால் கண்டிராக்டர் கொடுத்திருக்கும் கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொல்லும் கருவியும் சரியில்லை, குழாய் போடும் முறையும் சரியில்லை.

முதலில் அந்தத் தலைக்கனத்தைப் பார்ப்போம். நம் வீடுகளில் இருக்கும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. இது பலருக்கும் தெரியாது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால், விடியும்போது கரியமில வாயு 2000 பிபிஎம்மைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். வேலையிடங்களுக்காக நம் நாட்டின் தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்று விதிமுறை, 1000 பிபிஎம்மை மேல்வரம்பாக வைக்கிறது. அலுவலகத்துக்கு ஆகாத காற்றில் இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தால் தலை கனப்பதில் வியப்பில்லை.

கட்டடச் சட்டத்தில் இதற்கு வழியில்லையா என்றால், இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச் சட்டம் வசிக்கும் அறைக்குத் தரைப்பரப்பில் பத்து விழுக்காடு ஜன்னல் வேண்டும், ஐந்து விழுக்காடாவது திறந்து காற்று வர வேண்டும் என்கிறது. ஜன்னலைத் திறந்து வைப்போம் என்று நம்பி எழுதிய சட்டம் அது. கொசு, திருட்டுப் பயம், ஏர்கோன் என்று நாம் சாத்திவிட்டோம்.

சரி, எச்ஆர்வி ஏன் வேண்டாம்? அந்தக் கருவியில் வெளியே போகும் காற்றும் உள்ளே வரும் காற்றும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் ஓடும். போகிற காற்றின் வெப்பத்தைத் தகடு வாங்கி வருகிற காற்றுக்குக் கொடுக்கும். கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் கட்டிய சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் இப்படிப்பட்ட கருவியோடு அமைந்த முன்னோடி வீடுகளில் ஒன்று. அங்கே குளிர்காலத்தில் வெளியே சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி, உள்ளே 21 டிகிரி. நாற்பது டிகிரி வித்தியாசம் இருக்கும்போது வெப்பத்தை மீட்பது பெரிய காரியம்.

கிள்ளானில் அதிகாலை மூன்று மணிக்கு வெளியே ஏறக்குறைய 25 டிகிரி. ஏர்கோனை 25இல் வைத்தால் உங்கள் அறையிலும் 25 டிகிரி. மீட்பதற்கு அங்கே வெப்பமே இல்லை. நமக்குப் பிரச்சினை வெளிக்காற்றில் இருக்கும் ஈரம். இங்கே ஒரு கிலோ வெளிக்காற்றில் 19 கிராம் அளவுக்கு நீராவி இருக்கிறது. ஏர்கோன் ஓடி நன்றாக உலர்ந்த அறையில் 11 கிராம்தான். உங்கள் மேல்மாடியில் ஐந்து பேர். ஆளுக்கு நொடிக்கு ஏழரை லிட்டர் என்று புதுக்காற்று விட்டால், அதோடு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரும் ஆவியாக வீட்டுக்குள் வரும். ஓர் இரவுக்குப் பத்து, பதினோரு லிட்டர், அதாவது தரை துடைக்கும் வாளி நிறைய. அத்தனையையும் ஏர்கோன்தான் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அலுமினியம் அல்லது சாதாரண பிளாஸ்டிக் தகடு போட்ட எச்ஆர்வி இந்த ஈரத்தில் ஒரு சொட்டைக்கூடத் தடுக்காது.

தடுப்பது ஈஆர்வி, அதாவது வெப்பத்தோடு ஈரத்தையும் மீட்கும் கருவி. அதில் தகடு காகிதத்தாலோ, நீராவியை மட்டும் கடத்தும் சவ்வாலோ ஆனது. வெளியிலிருந்து வரும் காற்றின் ஈரத்தில் பாதிக்கு மேல் தகடு வழியாகவே, வெளியேறும் உலர்ந்த காற்றுக்கு மாறி, வந்த வழியே போய்விடும். ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் 1970இலேயே காகிதத் தகடு வைத்த இந்த வகைக் கருவியை லாஸ்னே என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய, நன்றாகச் சோதிக்கப்பட்ட நுட்பம்தான். வெப்பம் எவ்வளவு மீட்கும் என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஈரம் எவ்வளவு மீட்கும் என்பதை. 60 விழுக்காடு என்றால் நல்லது. அந்த எண்ணே தாளில் இல்லை என்றால் அது உங்களுக்கான கருவி இல்லை.

இணையக் கடைகளில் சுவரில் ஒரு துளை போட்டுப் பொருத்தும் சிறிய கருவிகளும் கிடைக்கின்றன. ஒரு நிமிடம் காற்றை வெளியே தள்ளி, அடுத்த நிமிடம் உள்ளே இழுக்கும். உள்ளே ஒரு செராமிக் கட்டி வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இவையும் குளிர்நாட்டுக்குச் செய்தவை. விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள்.

கரண்டு பில் விஷயத்தில் தம்பியின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று உங்கள் அறைகளுக்குப் புதுக்காற்றே வருவதில்லை, அதனால் அதற்கான செலவும் இல்லை. எதைப் போட்டாலும் பில் ஏறத்தான் செய்யும். யூனிட்டுக்கு 50 காசு, இரவுக்கு ஒன்பது மணி நேரம், ஓரளவு நல்ல ஏர்கோன், விசிறிக்கு 70 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஈஆர்வி போட்டால் மாதம் இருபது வெள்ளிக்குச் சற்று மேல் கூடும். அதே அளவு புதுக்காற்றை எச்ஆர்வி வழியாக விட்டால் நாற்பது வெள்ளியைத் தாண்டும். எச்ஆர்வி விசிறிக்குத் தின்னும் மின்சாரத்தைக்கூடத் திருப்பித் தராது. விசிறி மட்டும் வைத்துக் காற்றை ஊதினாலே அதைவிடச் செலவு குறையும். நல்ல காற்றுக்காக மாதம் இருபது வெள்ளி கொடுக்கத் தயார் என்றால் ஈஆர்வி போடுங்கள். பில் குறையும் என்று நம்பிப் போடாதீர்கள்.

இனி குழாய் போடும் முறை. அடுக்களையிலும் குளியலறையிலும் இழுத்துப் படுக்கையறையில் விடுவது குளிர்நாட்டுப் படம். அங்கே வீடு முழுவதும் ஒரே சூடு என்பதால் எங்கிருந்து இழுத்தாலும் மீட்க வெப்பம் இருக்கும். உங்கள் வீட்டில் உலர்ந்த காற்று இருப்பது மூன்று படுக்கையறைகளில் மட்டுமே. அடுக்களைக் காற்று வெளிக்காற்றைப் போலவே ஈரமானது, சமைக்கும்போது அதைவிட மோசம். அதை இழுத்துக் கருவிக்குள் விட்டால் தகட்டுக்கு எதை மீட்கக் கொடுப்பது? மேல்மாடியின் ஏர்கோன் அறைகளில் ஒரு மூலையில் புதுக்காற்று விட வேண்டும், எதிர் மூலையில் பழைய காற்றை இழுக்க வேண்டும். அப்போதுதான் உலர்ந்த காற்று தகட்டுக்கு வந்து சேரும்.

அதோடு, அடுக்களைப் புகை கருவியையே கொன்றுவிடும். சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் அடுக்களைக் குழாயோடு இணைத்திருந்த ஈஆர்வியைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வடிகட்டி, பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாடை அதிலிருந்து வீசியது. உள்ளே காகிதத் தகடுகளின் இடைவெளிகள் எண்ணெய் படிந்து அடைபட்டிருந்தன. அதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். தாளிப்புக்கும் மீன் பொரியலுக்கும் நேராகச் சுவரைத் துளைத்து வெளியே தள்ளும் ஹூட் தனியாக வேண்டும். குளியலறைக்குத் தனி எக்ஸாஸ்ட் விசிறி. அதன் வாய் வீட்டுக்கு வெளியே திறக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். சிலிங்குக்குள் ஊதிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். சாமி அறைக்கும் கருவி வேண்டாம். சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். மாமனார் அந்நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.

அலமாரி வாடைக்கு ஈஆர்வி மருந்தல்ல, இதை அழுத்திச் சொல்கிறேன். அது ஈரத்தைக் குறைத்து உள்ளே விடுமே தவிர, அறையில் இருக்கும் ஈரத்தை எடுக்காது. பூஞ்சைக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. ஏர்கோனை 18, 20 டிகிரியில் வைத்தால் சுவர் குளிர்ந்துவிடும். அதன் மறுபக்கம், அல்லது பகலில் ஜன்னல் திறந்தபோது இந்தப் பக்கமே, ஈரக்காற்று பட்டு வேர்க்கும். அந்தச் சுவரோடு ஒட்டி அலமாரி இருந்தால் காற்றுப் படாமல் பூஞ்சை பிடிக்கும். 25 டிகிரியில் வையுங்கள். அலமாரிக்குப் பின்னால் நான்கு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். இன்னொன்று, சிறிய அறைக்கு ஒரு எச்பி போதும். இரண்டு எச்பி போட்டால் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், ஈரம் அறையிலேயே நிற்கும். ரெனோவேஷனில் ஏர்கோன் மாற்றுவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்.

நீங்கள் கிள்ளானில் இருப்பதால் புகைமூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி காற்றுமாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவித்தார்கள். 2013இல் மூவார், 2015, 2019 என்று புகைமூட்டம் திரும்பத் திரும்ப வந்துகொண்டேதான் இருக்கிறது. சரியான வடிகட்டி இல்லாத காற்றோட்டக் கருவி, அந்த நாட்களில் புகையைப் படுக்கையறைக்கே கொண்டுவந்து கொட்டும். கருவியோடு வரும் வலை தூசியையும் பூச்சியையும் தடுக்கும், புகைத்துகளைத் தடுக்காது. புதுக்காற்று வரும் பக்கத்தில் எஃப்7 தரமோ அதற்கு மேலோ உள்ள வடிகட்டி கேளுங்கள். அதை மாட்டினால் காற்று ஓட்டம் குறையும். அதனால் உங்கள் தேவை மணிக்கு 135 கன மீட்டர்தான் என்றாலும் 250 கன மீட்டர் கருவி வாங்கி நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள், சத்தமும் குறையும். புகைமூட்டக் காலத்தில் குறைந்த வேகத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைத் திறந்து பாருங்கள். மாமனார் அறையில் ஹெப்பா வடிகட்டி உள்ள தனி ஏர் பியூரிஃபையர் ஒன்றும் இருக்கட்டும். அவர் மருத்துவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

புதுக்காற்று இழுக்கும் வாய் கார் போர்ச்சுக்கு மேலே வரக்கூடாது. பின் சந்தில் சாக்கடைக்கும், பக்கத்து வீட்டு அடுக்களை விசிறிக்கும் எதிரேயும் வரக்கூடாது. வரிசை வீட்டில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகவும் சிரமம். இழுக்கும் வாய்க்கும் தள்ளும் வாய்க்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டராவது இருக்கட்டும், இரண்டிலும் கொசுவலை இருக்கட்டும். கருவியை நடைவழிச் சிலிங்கில் தொங்கவிடுங்கள், படுக்கைக்கு மேலே வேண்டாம். ஓட்டுக்கூரையின் கீழ் மதியம் கடும் சூடு என்பதால் குழாய்கள் அனைத்துக்கும் இன்சுலேஷன் சுற்ற வேண்டும். இல்லையென்றால் குழாய் வேர்த்துச் சிலிங்கில் கறை விழும். வடிகட்டியைக் கழற்ற, ஆள் கைநுழையும் அளவு கதவு வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கதவு இல்லாத வீடுகளில் வடிகட்டி ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கிடக்கும்.

ஏர்கோன் ஓடாத பகல் நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். அப்போது மீட்க எதுவும் இல்லை. மின்விசிறியும் எதிர்க்காற்றும் போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கொண்டோவில் இருப்பவர்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிச்சுவரில் துளை போட நிர்வாகத்தின் எழுத்து மூலமான அனுமதி முதலில் வேண்டும். அது கிடைக்காவிட்டால், படுக்குமுன் அரைமணி நேரம் ஜன்னலைத் திறந்து, இரவில் அறைக்கதவைச் சற்றே திறந்து வைத்தாலே கரியமில வாயு நன்றாகக் குறையும்.

பணம் நெருக்கடி என்றால், ஹூட்டும் குளியலறை விசிறியும் முதலில், மாமனார் அறை அடுத்து, மற்ற இரண்டு அறைகள் பிறகு. ஆனால் குழாய்களை மட்டும் மூன்று அறைகளுக்கும் இப்போதே இழுத்து வையுங்கள், பிளாஸ்டர் சிலிங் மூடிய பிறகு இழுத்தால் செலவு இரட்டிப்பாகும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வாயிலும் காற்று எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கருவி வைத்து அளந்து, எண்களை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகக் கண்டிராக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசித் தவணையை அந்தத் தாளை வாங்கிய பிறகு கொடுங்கள்.