கோர்வை சரியாக இருக்கிறதா?

ஹைப்ரிட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்களை ஒப்பிடுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். ஹைப்ரிட் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரும் இப்படிக் கோத்துச் செய்த பொருள்தான். நடுச் சுரங்களுக்கும் மேல் சுரங்களுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தாலான பேனல். கீழ்ச் சுரங்களுக்குப் பெட்டிக்குள் ஒரு வூஃபர். வரும் இசையை இரண்டாகப் பிரித்து அவரவர் பங்கைக் கொடுப்பது கிராஸோவர் என்ற மின்சுற்று. பிரித்தது மறுபடி நம் காதில் ஒன்றாகச் சேர வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும்? பேனலின் படலம் தலைமுடியைவிட மெல்லியது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, சில ஆயிரம் வோல்ட் மின்னேற்றத்தோடு நிற்கிறது. எடை குறைவு என்பதால் வீணையின் மீட்டையும் குரலின் மூச்சையும் அது காட்டும் துல்லியம் அலாதியானது. ஆனால் அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமானால் எந்த ஸ்பீக்கரும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். பேனலுக்குப் பெட்டி கிடையாது. முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழிக்கும். அதையும் ஈடுகட்ட எட்டு மடங்கு அசைய வேண்டும். படலத்துக்கு இருக்கும் இடமோ சில மில்லிமீட்டர்தான்.

1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் கொண்டுவந்த குவாட் ஸ்பீக்கர் முழுக்க எலக்ட்ரோஸ்டாடிக். மனிதக் குரலுக்கு அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆழமான பாஸ் அதன் பலம் அல்ல. அதே காலத்தில் அமெரிக்காவில் ஆர்தர் ஜான்சனின் எலக்ட்ரோஸ்டாடிக் ட்வீட்டரை ஏ.ஆர். நிறுவனத்தின் வூஃபரோடு ரசிகர்கள் சேர்த்து வைத்தார்கள். ஹைப்ரிட் வழி அங்கே தொடங்கியது. அந்த வழியில் பெயர் பெற்றவை கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் பிறந்த மார்ட்டின்லோகனும், கொலராடோவில் ரோஜர் சாண்டர்ஸ் நடத்திவந்த சாண்டர்ஸ் சவுண்ட் சிஸ்டம்ஸும்.

இத்தகைய ஸ்பீக்கர்களில் மோசமான பேனலைக் காண்பது அரிது. வேறுபாடு தெரிவது கோர்வையில். ஆகவே ஒப்பிடும்போது கேட்க வேண்டியதும் அந்த இடத்தைத்தான்.

செய்ய வேண்டியவை

1. கிராஸோவர் புள்ளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை ஸ்வரமாக மாற்றிப் பாருங்கள்.

மார்ட்டின்லோகன் மாடல்களில் எலக்ட்ரோமோஷன் இ.எஸ்.எல். 500 ஹெர்ட்ஸில் பிரிக்கிறது. நியோலித் 400 ஹெர்ட்ஸில். ரினைசன்ஸ் 15ஏ 300 ஹெர்ட்ஸில். சாண்டர்ஸ் மாடல் 10இ 172 ஹெர்ட்ஸில். வெறும் எண்ணாகப் பார்த்தால் இவை மனத்தில் நிற்காது. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் ஆணின் மத்யஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ், தாரஸ்தாயி ஸட்ஜம் 262. சங்கராபரணத்தில் அவர் தாரஸ்தாயி ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏறும்போது, 300 ஹெர்ட்ஸ் புள்ளியைத் தாண்டுகிறார். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கோ மத்யஸ்தாயி பஞ்சமமே 294 ஹெர்ட்ஸ். பாட்டின் இதயம் சரியாகக் கோர்வையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 172 ஹெர்ட்ஸ் என்றால் அவர் குரல் ஏறக்குறைய முழுவதும் பேனலிலேயே ஒலிக்கும். 500 ஹெர்ட்ஸ் என்றால் ஆண் குரலின் அடிப்படைச் சுரங்கள் எல்லாம் வூஃபரிலும், அவற்றின் மேல்சுரங்கள் பேனலிலுமாகப் பிரிந்துவிடும். நீங்கள் அதிகம் கேட்பது யார் குரல் என்பதை வைத்து இந்த எண்ணைப் படியுங்கள்.

2. சரிவையும் கேளுங்கள்.

கிராஸோவர் ஒரு கத்தி வெட்டு அல்ல; ஒரு சரிவு. ஒரு ஸ்தாயி தள்ளிப்போனால் ஒலி எத்தனை டெசிபல் குறைகிறது என்பதே அதன் அளவு. சாண்டர்ஸ் டிஜிட்டல் கிராஸோவரில் ஸ்தாயிக்கு 48 டெசிபல் என்ற செங்குத்தான சரிவு. சரிவு செங்குத்தாக இருந்தால் பேனலுக்கு அது தாங்காத பாஸ் போகாது. கனமான வூஃபரும் தனக்கு உரியதல்லாத நடுச் சுரங்களில் தலையிடாது. சரிவு மென்மையாக இருந்தால் ஒரு பெரும் பரப்பில் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தப் பரப்பில் இருவரின் நேரமும் பொருந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில சுரங்கள் தடிக்கும், சில மெலியும்.

3. மிருதங்கத்தை வைத்துச் சோதியுங்கள்.

இதைவிட நல்ல கருவி இந்த வேலைக்கு எனக்குத் தெரியாது. தொப்பியின் கும்கி வூஃபரில் பிறக்கிறது; வலந்தலையின் மீட்டும் சாப்பும் பேனலில் பிறக்கின்றன. வலந்தலையின் மேல்சுரங்கள் ஒத்திசைவாக அமைந்திருப்பதை சி.வி. ராமன் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த ஒத்திசைவு குலைந்தால் நம் காது உடனே கண்டுகொள்ளும். நல்ல ஸ்பீக்கரில் ஒரே வாத்தியக்காரர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். கோர்வை சரியில்லாத ஸ்பீக்கரில் வலது கை மேலே காற்றில் வாசிக்கும், இடது கை தரையோரம் சற்றுத் தாமதித்து வாசிக்கும்.

4. தம்பூராவை மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

அடித் தந்தியின் மந்தர ஸட்ஜம் வூஃபரிலும், ஜீவாளியின் ஒளிர்வு பேனலிலும் வரும். இரண்டும் ஒரே தந்தியிலிருந்து கிளம்பியதாகத் தோன்றினால் கிராஸோவர் தேறிவிட்டது.

5. 100 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரே ஒரு தொனியை ஓடவிடுங்கள்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வூஃபர் தரையருகே இருக்கிறது, பேனல் ஆளுயரம் நிற்கிறது. தொனி ஏறும்போது ஒலி வரும் உயரம் ஓரிடத்தில் சட்டென்று தாவினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கிராஸோவர் புள்ளியின் அருகில்தான் இருக்கும்.

6. உங்கள் வீட்டில் உட்காரப் போகும் தூரத்திலேயே உட்கார்ந்து கேளுங்கள்.

ஹைப்ரிடின் அடிப்படைச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. பெட்டிக்குள்ளிருக்கும் வூஃபரின் சத்தம், கணக்குப்படி தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். உயரமான பேனல் ஒரு நெடுங்கோடுபோல் ஒலிப்பதால் அதன் சத்தம் ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். 2 மீட்டரில் இரண்டும் சமமாக இருந்தால் 4 மீட்டரில் வூஃபர் பின்தங்கும். அறையின் எதிரொலி இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் குறைக்கும், போக்கிவிடாது. வூஃபரின் அளவைத் தனியே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆடம்பரம் அல்ல, தேவை.

7. பின்சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் விடுங்கள்.

பேனலின் பின் அலையும் முன் அலைக்குச் சமமான வலிமை உடையது. ஒரு மீட்டர் இடைவெளி என்றால் அந்த அலை சுவரில் பட்டு இரண்டு மீட்டர் கூடுதலாகச் சுற்றி, ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட் தாமதித்து வருகிறது. அந்த அளவு தாமதத்தில் அது ஒலிமேடைக்கு ஆழம் தரும். சுவரோடு ஒட்டினால் அதே அலை குரலைக் கலக்கிவிடும்.

8. ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்தே ஒப்பிடுங்கள்.

மின்னியல் கணக்கில் பேனல் ஒரு மின்தேக்கி. சுரம் ஏற ஏற அதன் மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) விழுகிறது. ரினைசன்ஸ் 15ஏ பெயரளவில் 4 ஓம், 20,000 ஹெர்ட்ஸில் 0.6 ஓம். அந்தச் சுமையைக் கண்டு சோர்ந்துபோகும் ஆம்ப்ளிஃபயரில் மேல் சுரங்கள் மங்கும். குறை ஸ்பீக்கரின்மேல் விழும்.

9. கிராஸோவரை வெளியிலிருந்து மாற்ற முடிந்தால் ஒரு தலைகீழ்ச் சோதனை செய்யுங்கள்.

கிராஸோவர் புள்ளியிலேயே ஒரு தொனியை ஓடவிட்டு, வூஃபரின் இணைப்பை மட்டும் தலைகீழாக்கச் சொல்லுங்கள். 1976-இல் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரையின் வழி வந்த, ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவுள்ள அமைப்பில், இரு பகுதிகளும் சரியாக இசைந்திருந்தால் அந்தத் தொனி ஏறக்குறைய காணாமல் போகும். குழி எவ்வளவு ஆழமோ, கோர்வை அவ்வளவு செம்மை.

செய்யக்கூடாதவை

1. கிராஸோவர் புள்ளி தாழ்ந்திருந்தால் அதுவே சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

தாழ்ந்த புள்ளி குரலைப் பிரிக்காமல் காப்பாற்றும், உண்மை. ஆனால் படலம் அதற்கு ஈடாக அதிகம் அசைய வேண்டும், அல்லது பேனல் பெரிதாக வேண்டும், அல்லது சத்தத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். 300 ஹெர்ட்ஸில் நேர்த்தியாகச் செய்த சேர்க்கை, 170 ஹெர்ட்ஸில் அவசரமாகச் செய்ததைவிட மேல்.

2. பாஸின் அளவைக் கண்டு மயங்காதீர்கள்.

காட்சியறைகளில் பெரும்பாலும் முதலில் ஓடுவது தரை அதிரும் பாட்டுதான். பெரிய வூஃபரும் அதைச் சுமக்கும் ஆம்ப்ளிஃபயரும் அதை எளிதாகச் செய்துவிடும். ரினைசன்ஸ் 15ஏ-வில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் இரண்டு 12 அங்குல வூஃபர்கள், தலைக்கு 500 வாட். கேட்க வேண்டியது பாஸ் எவ்வளவு என்பதை அல்ல, அது பேனலின் வேகத்தோடு நடக்கிறதா என்பதை.

3. வளைந்த பேனலையும் தட்டைப் பேனலையும் ஒரே அளவுகோலால் அளக்காதீர்கள்.

மார்ட்டின்லோகன் பேனலை வளைத்து ஒலியைப் பரப்புகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் மேல் சுரம் கிடைக்கும். சாண்டர்ஸ் வேண்டுமென்றே தட்டையாக வைத்து, ஒலியை ஒரே நாற்காலியை நோக்கிக் குவிக்கிறது. அறைச் சுவர்களின் தலையீடு குறையும். தனியே கேட்பவருக்கு ஒன்று, குடும்பத்தோடு கேட்பவருக்கு இன்னொன்று. தட்டைப் பேனலை நின்றும் நடந்தும் கேட்டு நிராகரிப்பது அநியாயம்.

4. சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள்.

ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதையே காது தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். சாதாரண ஒலியளவு மானி ஒன்று போதும். அளக்கும் தொனி கிராஸோவர் புள்ளிக்கு வெகு மேலே, 1000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கட்டும்.

5. மின் இணைப்புக் கொடுத்த உடனே தீர்ப்பு வழங்காதீர்கள்.

படலம் முழு மின்னேற்றம் அடைய நேரம் பிடிக்கும். பாதி ஏறிய பேனல் மெலிந்து ஒலிக்கும். வூஃபர் மட்டும் முழு பலத்தோடு நிற்கும். அந்த நிலையில் கேட்டால் கோர்வையைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. சில மணி நேரம் முன்பே இணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

6. பேனலுக்கும் வூஃபருக்கும் வெவ்வேறு பெருக்கம் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டாதீர்கள்.

சாண்டர்ஸ்போல இரண்டு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் அமைப்புகளில் இதற்கான சமன்படுத்தலைக் கிராஸோவரிலேயே செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் தயாரிப்பாளர் பல மாதம் செதுக்கிய சேர்க்கை ஒரு திருகில் கெட்டுவிடும்.

7. அறைத்திருத்தத்தால் எல்லாவற்றையும் மூடி மறைக்கலாம் என்று நம்பாதீர்கள்.

அறையின் மூலைகளில் வீங்கும் பாஸை டிஜிட்டல் திருத்தம் நன்றாகவே சரிசெய்யும். ரினைசன்ஸில் உள்ள ஆந்தம் என்ற அறைத்திருத்தம் வூஃபர் பகுதியில்தான் வேலை செய்கிறது. அந்த எல்லை சரியான எல்லை. இன்னொரு வேறுபாட்டைத் திருத்தம் தொட முடியாது. நேரே ஒரே சத்தம் கேட்கும்போதும், முன்னும் பின்னும் மட்டும் ஒலிக்கும் பேனல், எல்லாத் திசையிலும் ஒலிக்கும் வூஃபரைவிட அறைக்குள் மூன்றில் ஒரு பங்கு ஒலியாற்றலையே செலுத்துகிறது. அந்தத் திசை மாற்றத்தை ஸ்பீக்கர் வடிவமைப்பில்தான் தீர்க்க வேண்டும்.

8. ஈரத்தையும் தூசியையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

மின்னேற்றம் உள்ள படலம் தூசியை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் பேனலில் சீறலும் பொறியும் வரும். சத்தம் ஒரு பக்கம் மங்கும். பழைய ஜோடியை வாங்குகிறவர்கள் அமைதியான அறையில் பேனலருகே காதை வைத்துக் கேளுங்கள். துடைக்க வேண்டுமானால் மின் இணைப்பைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, மென்தூரிகை பொருத்திய வாக்வம் கிளீனரால் மெதுவாக உறிஞ்சுங்கள். ஈரத் துணியும் ஸ்பிரேயும் பேனல் பக்கமே வரக் கூடாது. கிரில்லைத் திறப்பது பயிற்சி பெற்றவர் வேலை. உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட்.

வாங்கப் போகும்போது நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு குரல், ஒரு மிருதங்கம், ஒரு தம்பூரா பதிவை எடுத்துச் செல்லுங்கள். அந்த மூன்றையும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள். பேனல் எது, வூஃபர் எது என்ற நினைப்பே எந்த ஜோடியின் முன்னால் உங்களுக்கு வராமல் போகிறதோ, அதையே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.