எங்கள் வீட்டுப் பெண் மாதிரி

அன்புள்ள மருமகளுக்கு அத்தை ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. உன் அப்பா காலமான பிறகு குடும்பத்தின் மேல் விழுந்த கடனையும், தம்பியின் படிப்புச் செலவையும், சென்னையில் போட் கிளப் பக்கத்துப் பங்களா ஒன்றில் தங்கி வேலை செய்ய ஆள் தேடுகிறார்கள் என்று தரகர் வந்து சொன்னதையும் நீ விவரித்திருந்த விதத்திலிருந்தே, நீ புறப்படத் தீர்மானித்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். ஆகையால் வராதே என்று தடுக்கப் போவதில்லை. ஆழ்வார்பேட்டையிலும் அடையாற்றிலுமாக மூன்று வீடுகளின் சமையற்கட்டுகளில் 32 வருஷம் உழைத்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பிள்ளையை இஞ்சினியராக்கிய எனக்கு, இந்த உத்தியோகத்தை இழிவென்று சொல்ல நா எழாது.

ஆனால் ஒரு வார்த்தையைப் பற்றி உனக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நீ போய் நிற்கும் முதல் நாளே எஜமானியம்மாள், "நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதே. பெரும்பாலோர் அதை மனப்பூர்வமாகவே சொல்கிறார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்த கணத்தில் நம் மனம் குளிர்ந்துபோய், கேட்க வேண்டியதைக் கேட்க வெட்கப்படுகிறதே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வீட்டுப் பெண்ணுக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது, லீவு கிடையாது, சம்பளம் பற்றிய பேச்சே கிடையாது. அந்தப் பெண்ணின் கடமைகளெல்லாம் நம் தலையில் வந்து சேரும், அவளுடைய பாத்தியதை மட்டும் வராது.

நான் இரண்டாவதாக இருந்த வீட்டு அம்மாள் உத்தமமான மனுஷி. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு, பழைய பத்திரிகைகளின் பைண்டு வால்யூம்களை மத்தியான வேளைகளில் எடுத்துக் கொடுத்து வாசிக்கப் பழக்கியவர் அவர்தான். இன்று உனக்கு இப்படிக் கோவையாக எழுத எனக்கு வருகிறதென்றால் அது அவர் போட்ட பிச்சை. அந்த அபிமானத்தினாலேயே ஆறு வருஷம் நான் சம்பள உயர்வு கேட்கவில்லை. ஒரு நாள் அவருடைய வைரத்தோடு ஒன்று காணாமற்போயிற்று. டிரைவரும் தோட்டக்காரரும் பார்த்துக்கொண்டு நிற்க, முதலில் திறக்கச் சொன்னது என் தகரப்பெட்டியைத்தான். உன் மாமாவின் போட்டோவும், இரண்டு மாற்றுச் சேலையும், பிள்ளைக்கென்று சேர்த்த சில்லறையும் கூடத்துத் தரையில் பரப்பப்பட்டுக் கிடந்தன. மூன்றாம் நாள் குளியலறை ஜன்னல் விளிம்பில் தோடு அகப்பட்டது. அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். அதை நான் ஒரு நாளும் உடுத்தவில்லை. அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. ஆனால் அன்று முதல் பிரியம் வேறு, கணக்கு வேறு என்று வைத்துக்கொண்டேன். நீயோ முதல் நாளிலிருந்தே அப்படி வைத்துக்கொள். நகையை எடுத்து உள்ளே வை என்று யார் சொன்னாலும், "நீங்களே வைத்துவிடுங்கள் அம்மா" என்று பணிவாகச் சொல்லி நகர்ந்துவிடு.

தரகர் பேச்சை நம்பி வராதே. பெரிய வீடுகளுக்கு நல்ல ஆட்கள் சேர்வது பெரும்பாலும் அக்கம்பக்கத்துச் சமையற்காரிகள், டிரைவர்கள், வாட்ச்மேன்கள் வாய்வழியாகத்தான். நீ குறிப்பிட்ட வீட்டு வாசலுக்கு நானே ஒரு சாயங்காலம் போய், முன்பு இருந்த பெண் ஏன் விலகினாள் என்று வாட்ச்மேனிடம் விசாரித்து வருகிறேன். வருஷத்துக்கு நான்கு ஆள் மாறிய வீடென்றால், சம்பளம் எவ்வளவானாலும் அது நமக்கு வேண்டாம். முன்பணம் கொடுத்தால் வாங்காதே. கடனோடு உள்ளே நுழைந்தவளுக்கு, பிடிக்காதபோது வெளியேறும் சுதந்திரம் போய்விடுகிறது.

சமைக்கவா, மேல்வேலைக்கா, வயோதிகரைக் கவனிக்கவா என்பதை முதலிலேயே பிரித்துக் கேள். பெரிய வீட்டில் மாமியார் ஒன்று சொல்வார், மருமகள் வேறொன்று சொல்வார்; யாருடைய உத்தரவுப்படி நடப்பது என்பதையும் கேட்டுவிடு. இரவில் எத்தனை மணிக்குப் படுக்கலாம், வாரத்தில் எந்த நாள் லீவு, படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்ற மூன்றையும் கேட்கத் தயங்காதே. தாழ்ப்பாள் இல்லையென்றால் அந்த வீடு வேண்டாம். அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை. 2013ஆம் வருஷத்துப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் சேர்த்தே காக்கிறது, அதற்கென்று மாவட்டந்தோறும் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் போட்டுக்கொள்.

இன்னொன்று. நான் வேலைக்கு வந்த காலத்தில் நம்மைத் தொழிலாளி என்று ஒருவரும் எண்ணியதில்லை. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைந்தது. 2018இல் குறைந்தபட்ச ஊதியமும் நிர்ணயித்தார்கள். அந்தத் தொகை சொற்பமானாலும், நம் உழைப்புக்கு அரசாங்கம் ஒரு விலை எழுதியதே என்று அன்று எனக்குக் கண்ணீர் வந்தது. வந்த மாதமே வாரியத்தில் உன்னைப் பதிவு செய்துவிடலாம். சம்பளத்தை உன் பெயரிலுள்ள பாங்குக் கணக்கில் போடச் சொல். "நானே பத்திரமாகச் சேர்த்து வைக்கிறேன்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சம்மதிக்காதே.

அடுத்த ஞாயிறு காலை வண்டிக்கு வா, எழும்பூரில் நிற்பேன். ஆதார் அட்டைக்கு நகல் நான்கு எடுத்துக்கொள். அசலைக் காட்டலாம், யாரிடமும் கொடுத்துவைக்கக் கூடாது. பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு வாங்கி, சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொள். வந்ததும் இரண்டு நாள் என்னோடு இரு. மிக்ஸியும் மைக்ரோவேவும் பழக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை