"ஓனர் தரட்டும், தர்றேன்"

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. எங்கள் ஊர் அதிரையில் (அதிராம்பட்டினம்) எந்தத் தெருவில் வீடு கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மணல் குவியலைத் தேட வேண்டாம். வாசலில் சைக்கிளும் டிவிஎஸ் எக்ஸெல்லும் வரிசையாக நிற்கும். கைகால் கழுவிச் சேலை மாற்றிய சித்தாள்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மேஸ்திரி, காதில் போன். அந்தப் பக்கம் இருப்பவர் காசு தர வேண்டிய யாரோ ஒருவர்.

என் லாத்தா, அதாவது அக்கா, வீடு கட்டிய பதினாலு மாதமும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன். மச்சான் சிங்கப்பூரில் பிழைக்கப் போன சபராளி. பணம் அங்கிருந்து வரும். லாத்தா மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரியிடமிருந்து கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங்காரர், பூச்சு ஆள் என்று பிரியும். கல்லணையில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர்கிற கதைதான். மேலே முறை வைத்தால் கீழே காயும்.

வீடு முடியும் தறுவாயில் சென்ட்ரிங்காரர் நேராக லாத்தா வாசலுக்கே வந்துவிட்டார். 46,000 ரூபாய் பாக்கி. "மேஸ்திரியைக் கேளுங்க, நான் கொடுத்தாச்சு" என்றார் லாத்தா. "அம்மா கடைசித் தவணையை நிறுத்தி வச்சிருக்காங்க, வந்ததும் தர்றேன்" என்றார் மேஸ்திரி. "பூச்சு உதிருது, சரி பண்ணாம ஒரு பைசா கிடையாது" என்று லாத்தா. "தரலைன்னா போலீஸுக்குப் போவேன்" என்று சென்ட்ரிங்காரர். மூன்று பேரும் சட்டம் பேசினார்கள். மூன்று பேர் பேசியதிலும் பாதி தப்பு.

"ஓனர் தரலை, அதனால உனக்கும் இல்லை"

சென்ட்ரிங்காரர் பலகையும் முட்டும் இறக்கியது மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி. அது தனி ஒப்பந்தம். ஓனர் கொடுத்த பிறகுதான் உனக்கு என்று முன்னாலேயே பேசி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, ஓனர் தராததைச் சாக்காகச் சொல்லி மேஸ்திரி தப்பிக்க முடியாது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. லாத்தா தன் வாயால் "நான் பொறுப்பு" என்று சொல்லாதவரை சென்ட்ரிங்காரர் அவரிடம் அந்தக் காசை உரிமையாகக் கேட்கவும் முடியாது. அவர் வாசலில் வந்து நின்றது நியாயமாகத் தெரியலாம். காசு தர வேண்டியவர் மட்டும் வேறு ஆள்.

மேஸ்திரி பொய்யரும் இல்லை. எங்கள் பக்கம் வீட்டுக் காசு அஸ்திவாரம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக வரும். தளம் போடும்போது கை நிறையும். அந்தக் காசில் ஒரு பங்கு அடுத்த தெருவில் எடுத்த வேலைக்கு ஆள் பிடிக்கப் போய்விடும். இந்த வீட்டுப் பூச்சுக்கு அந்த வீட்டு அட்வான்ஸ். சங்கிலியில் ஒரு வீடு நின்றால் பின்னால் நாலு பேர் சனிக்கிழமை வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

மச்சான் இருக்கும் சிங்கப்பூரில் இதற்கென்றே 2004-இல் சட்டம் போட்டார்கள். 'எனக்கு வந்தால் உனக்கு' என்ற நிபந்தனையை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அங்கே அது செல்லாது. மலேசியாவில் 2012-இல் வந்த சட்டம் 2014 ஏப்ரலில் அமலானது, அங்கேயும் அப்படித்தான். ஆனால் தான் குடியிருக்க நாலு மாடிக்குக் குறைவாக வீடு கட்டும் தனிநபர் போடும் ஒப்பந்தத்தை அந்த மலேசியச் சட்டம் தொடாது. இந்தியாவில் கட்டுமானத்துக்கென்று அப்படி ஒரு சட்டமே இல்லை. இருப்பது 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டம். உத்யம் பதிவு வைத்திருக்கும் சிறு தொழில்காரருக்கு, தேதி எதுவும் பேசாவிட்டால் 15 நாளில், பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் காசு வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வேலையை முடித்துவிட்டுப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் அதே கோர்ட்டின் இன்னொரு அமர்வு அதை ஏற்காமல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பொருளும் உழைப்பும் சேர்ந்த கட்டட ஒப்பந்தங்கள் இதில் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் ஒரே குரல் இல்லை. ஆக, பதிவு ஒரு கைத்தடி. அதை நம்பி ஓட முடியாது.

சித்தாளின் கூலி வேறு விஷயம். பெரிய சைட்டில் கான்ட்ராக்டர் கூலி தராமல் போனால், வேலையைக் கொடுத்த பெரிய முதலாளி தர வேண்டும் என்று 1970-ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதற்கு 20 ஆள் வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அது 50. அதிரையில் ஒரு வீட்டு வேலைக்கு 50 பேரை நான் பார்த்தது தளம் போடும் அன்றைக்குக்கூட இல்லை.

"பத்திரத்துல இல்லாத வேலைக்குக் காசு கேக்க முடியாது"

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கை இது. ராத்திரி பத்து மணிக்கு சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வரும். "மேஸ்திரி, அந்த ரூம்ல அப்படியே ஒரு லாஃப்ட் போட்டுடுங்க." மறுநாள் கம்பி வளைத்துவிடுவார்கள். கணக்கு முடிக்கும்போது "லாஃப்ட் நம்ம பேச்சுலயே இல்லையே" என்பார்கள்.

1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சையும் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்கிறது. பேச்சு இருந்ததா என்பதே சந்தேகமானால் 70-ஆவது பிரிவு இருக்கிறது: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் நியாயமாக ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை மற்றவர் அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு செய்ய வேண்டும். இதைச் சோதித்த பழைய வழக்கு ஒன்று நம் மதராஸ் மாகாணத்து ஏரியைப் பற்றியது. ஒரே ஏரியில் சர்க்கார் ஊர்களுக்கும் ஜமீன் ஊர்களுக்கும் பாசனம். ஏரியைச் சர்க்கார் பழுது பார்த்தது. ஜமீன்தார்களும் தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள், செலவில் பங்கு கேட்டதும் மறுத்தார்கள். 1890-களில் மதராஸ் உயர் நீதிமன்றம் பங்கைக் கட்டத்தான் வேண்டும் என்றது. பின்னால் 1961-இல், முறையான ஒப்பந்தம் இல்லாமல் வங்காள அரசுக்குக் கிடங்கும் அறைகளும் கட்டிக்கொடுத்த ஒரு கம்பெனிக்கும் உச்ச நீதிமன்றம் இதே பிரிவில் காசு வாங்கிக் கொடுத்தது. வேண்டாம் என்று தடுத்த பிறகும் கட்டிவிட்டுக் காசு கேட்டால் இந்தப் பிரிவு உதவாது. லாஃப்டில் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் காசில்லை என்றாலும் எடுபடாது.

சரி, சாட்சி? மேஸ்திரியிடம் இருந்தது கோடு போட்ட நோட்டு. சிமென்ட் ஒட்டி முனை விறைத்திருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பக்கம்: கொ 2, பெ 1, சி 3, டீக் காசு. அதற்குக் கீழே வரவு. இடையில் சிகரெட் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகை முதுகிலும் எழுதிச் செருகிய சீட்டுகள். நாட்டையே உலுக்கிய ஜெயின் ஹவாலா வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் பேசியதும் ஏறக்குறைய இதைத்தான். சுருள் நோட்டுகள் கணக்குப் புத்தகம், தனித் தாள்கள் அப்படி ஆகாது, புத்தகமே ஆனாலும் அதை மட்டும் வைத்து ஒருவர் தலையில் பொறுப்பைக் கட்ட முடியாது என்றது. மந்திரிகள் பெயர் இருந்த டைரிக்கே அந்தக் கதி. பக்கத்தின் அடியில் லாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த நோட்டின் எடையே வேறு. வாட்ஸ்அப் செய்தியையும் உரிய சான்றிதழோடு கோர்ட் ஏற்கும். லாஃப்ட் போடச் சொன்னது வீடியோ காலில் என்பதுதான் தொல்லை.

"வேலையில குறை இருந்தா ஒரு பைசா தர வேண்டாம்"

லாத்தா கட்சி இது. தோட்டத்துப் பக்கச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. கடலோர ஊர். போர் தண்ணீரில்தான் சாந்து குழைத்தார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது, கம்பியில்லாததற்கு 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர விதி. அந்தத் தண்ணீரை யாரும் பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை. லேபர் கான்ட்ராக்டில் மணல், சிமென்ட், தண்ணீர் எல்லாம் ஓனர் பொறுப்பு. அதனால் தன் மேல் குறையில்லை என்றார் மேஸ்திரி. உப்பென்று தெரிந்தும் வாய் திறக்காமல் பூசினாரே என்றார் லாத்தா. இரண்டிலும் நியாயம் இருந்தது.

அந்தச் சுவரைக் கொத்திப் புதிதாகப் பூச 18,000 ரூபாய். நிறுத்தி வைத்த தவணை 1,10,000. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 1952-இல் லண்டனில் ஒரு வழக்கு. ஒற்றை அறை ஃபிளாட்டை அலங்கரித்து மரச் சாமான்கள் செய்துகொடுக்க 750 பவுண்டு பேச்சு. 400 கொடுத்துவிட்டு, அலமாரிக் கதவு சரியில்லை என்று மீதியை மொத்தமாக மறுத்தார் வீட்டுக்காரர். குறையைச் சரிசெய்ய ஏறக்குறைய 56 பவுண்டுதான் ஆகும். அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றது கோர்ட். வேலை பெரும்பாலும் முடிந்திருந்தால் குறைக்கு உரிய தொகையைப் பிடிக்கலாம். மொத்தத்தையும் அமுக்குவது வேறு. குறை பெரிதென்று லாத்தா நினைத்தால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வீடு கட்டித் தருவதும் அங்கே சேவைதான். மேஸ்திரி தன் பாக்கியைக் கேட்டு அங்கே போக முடியாது. அவருக்குப் பட்டுக்கோட்டை சிவில் கோர்ட், அல்லது லோக் அதாலத். கோர்ட்டில் போட்ட வழக்கு அதாலத்தில் சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் கிடையாது.

"சாவியை வச்சிக்கிட்டா காசு தானா வரும்"

வரலாம், கூடவே வம்பும் வரும். கொத்தனாருக்கு வீட்டின் மேல் அப்படி ஒரு பிடி சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் கூலி பாக்கிக்காக வீட்டின் மேலேயே பொறுப்பை ஏற்ற மாநிலச் சட்டங்கள் உண்டு, இங்கே கிடையாது. ஆசாரிக்கு மட்டும் ஒரு வசதி. லாத்தா கொடுத்த தேக்கைத் தன் பட்டறையில் வைத்து நிலையும் கதவும் செய்தவர், பேச்சு வேறு விதமாக இல்லாவிட்டால், கூலி வரும்வரை அந்தக் கதவைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவு. கொண்டு வந்து நிலையில் மாட்டிவிட்டால் அந்தப் பிடியும் போச்சு. எங்கள் ஆசாரி சட்டம் படித்தவர் இல்லை. முன்வாசல் கதவை மட்டும் கடைசிவரை கொண்டு வரவில்லை.

"போலீஸுக்குப் போனா வாங்கிக் கொடுத்துடுவாங்க"

புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்கு மேல் போக, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பேசியபடி காசு தராதது மட்டும் மோசடி ஆகாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. செக் கொடுத்து அது திரும்பினால் கதை வேறு. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். ஒரு தேதி தவறினாலும் கஷ்டம்.

"உழைச்ச காசு, எப்ப வேணும்னாலும் கேக்கலாம்"

கேட்கலாம். கோர்ட்டில் கேட்க மூன்று வருஷம். காசு தர நாள் குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அதற்குள் பாக்கியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று.

லாத்தா வீட்டுக் கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. லாஃப்டை டேப் பிடித்து அளந்து சேர்த்தோம், பூச்சுக்குப் பதினெட்டாயிரம் கழித்தோம், சென்ட்ரிங்காரருக்கு உரியதை மேஸ்திரி அங்கேயே எண்ணிக் கொடுத்தார். எழுந்து போகும்போது மேஸ்திரி நோட்டைப் புரட்டி வேறொரு பழைய பக்கத்தைக் காட்டினார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துக் கூரை போன ஒரு வீடு. மறு வருஷம் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறார், 38,000 பாக்கி. "வருஷா வருஷம் தர்றேன்னுதான் சொல்றாரு. மறுத்ததே இல்லை."

கொரோனா நாட்களை, 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை, உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து தள்ளிவிட்டது. அதைக் கழித்துப் பார்த்தாலும் காலம் கடந்துவிட்டது. ஒரு வழிதான் மிச்சம். காலாவதியான கடனையும் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம், 25-ஆவது பிரிவு. வாயால் நூறு தடவை சொன்னாலும் பயனில்லை, எழுதத்தான் வேண்டும் என்றேன்.

மேஸ்திரி அந்தப் பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வருகிறாராம்.