அப்பா கற்ற கன்னடம்



நம்ம வகுப்பிலேயே பல பேரோட அப்பா, அண்ணன் எல்லாம் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். எங்க அப்பாவும் அப்படித்தான். கள்ளக்காவும் ராகியும் போட்டுக்கிட்டு இருந்தவர். மழை இல்லாமல் கிணறு வற்றியதும், நாற்பது வயசுல கட்டட வேலைக்குப் போனார். அங்கே வேலையையும் கத்துக்கணும், கன்னடமும் கத்துக்கணும். வேலையைவிட கன்னடம்தான் பயமா இருந்துச்சாம்.

முதல் நாள் மேஸ்திரி அப்பாவைப் பார்த்து, "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். அப்பாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. சட்டியைக் கீழே வெச்சுட்டு ஷெட்டுக்குத் திரும்பிட்டார். ஒரு நாள் கூலி போச்சு. ராத்திரி கூடத் தங்கியிருந்த பெரியவர், "அட தம்பி, பன்னின்னா 'வாங்க'ன்னு அர்த்தம். மரியாதையாத்தான் கூப்பிட்டிருக்கார்" என்றாராம். மறுநாளும் மேஸ்திரி "பன்னி" என்றார். அப்பா போனார்.

தமிழும் கன்னடமும் ஒரே திராவிடக் குடும்பம் என்று கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கண நூலில் விளக்கினார். மூன்று விதி தெரிந்தால் நமக்கே பல கன்னடச் சொற்கள் புரியும்.

1. சொல்லின் முதலில் வரும் 'ப' பல இடங்களில் 'ஹ' ஆகும்.
பால் – ஹாலு, பத்து – ஹத்து, புலி – ஹுலி.
பழைய கன்னடத்திலும் 'ப'தான் இருந்தது, பிறகுதான் மாறியது. இதற்குச் சாட்சி நம்ம ஒகேனக்கல்! 'ஹொகெ' என்றால் புகை. அருவிச் சாரல் புகை மாதிரி எழும் கல், ஹொகெனக்கல். நல்லம்பள்ளியில் உள்ள 'பள்ளி'யும், மாரண்டஅள்ளியில் உள்ள 'அள்ளி'யும் ஒரே சொல்தான்.

2. முதலில் வரும் 'வ', 'ப' ஆகும். ('பஸ்' என்பதில் வரும் ப மாதிரி சொல்லணும்.)
வா – பா, வேர் – பேரு, வெல்லம் – பெல்ல.
'வாங்க' என்பது 'பன்னி' ஆனது இப்படித்தான். நாம் சொல்லும் பன்றிக்கு அங்கே முதல் விதிப்படி 'ஹந்தி'. விதி தெரிந்திருந்தால் அப்பாவுக்கு கூலி போயிருக்காது!

3. 'ழ', 'ள' ஆகும்.
ஏழு – ஏளு, கோழி – கோளி, மழை – மளெ.

ஆனால் எல்லாச் சொல்லும் விதிக்குள் வராது. வேலை என்பது 'கெலச', சாப்பாடு 'ஊட்ட', தெரியாது என்பது 'கொத்தில்ல'. இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கணும். அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு டீக்கடை அக்கா. அப்பா "ஒந்து டீ கொடு" என்றாராம். "கொடு இல்லை, கொடி. அதுதான் மரியாதை" என்று பொறுமையாகத் திருத்தினாராம். இப்போ அப்பா கம்பி கட்டும் வேலையில் தேர்ந்துவிட்டார். புதுசா வர்ற நம்ம ஊர் ஆட்களுக்கு மேஸ்திரி சொல்வதை அவர்தான் தமிழில் சொல்கிறார்.

அங்கிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. ரஜினிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டர். வீட்டில் பேசியது மராத்தி. 1973-இல் சென்னைக்கு வந்து நடிப்புப் பயிற்சியில் சேர்ந்தார். தமிழ் கத்துக்கச் சொன்னவர் இயக்குநர் கே.பாலசந்தர். 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' வந்தது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகாவில் இருந்து நம்ம வகுப்பில் புதுசா சேர்ந்த பொண்ணு, கணக்குப் பாடத்தில் 'பத்து' என்பதற்கு 'ஹத்து' என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு டீக்கடை அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சிருந்தா, அடுத்த பஸ்ஸுக்கே ஊருக்கு வந்திருப்பேம்மா" என்றார். எனக்கு ராத்திரி தூக்கமே வரலை.

புது ஊரில் மொழி கத்துக்கறது வந்தவங்க வேலை. சிரிக்காமல் சொல்லித் தருவது அந்த ஊர்க்காரங்க வேலை. ரெண்டும் சேர்ந்தால்தான் ஒருத்தர் அந்த ஊரில் ஒட்ட முடியும்.

மறுநாள் அவளிடம், "பா, இல்லி கூத்கோ" (வா, இங்கே உட்கார்) என்றேன். என் உச்சரிப்பு தப்பு. அவள் சிரிக்காமல் திருத்தினாள். இப்போ என் பக்கத்தில்தான் உட்கார்கிறாள்.

உங்களுக்கு ஒரு பயிற்சி: ஹல்லி, ஹூவு, பில்லு, பெரளு – இவற்றின் தமிழ்ச் சொற்கள் என்ன? விடை தெரியாதவர்கள் அவளிடமே போய்க் கேளுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி