மணியாச்சித் துப்பாக்கியும் நான்கு நம்பிக்கைகளும்

மணியாச்சி ரயில் நிலையத்தில், 1911 ஜூன் 17 அன்று விடுதலைப் போராளி வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அந்தக் காலத்துப் பிஸ்டல்களைப் பற்றி நம் பக்கம் உலவும் நம்பிக்கைகளில் சில உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை 1: ‘ஆட்டோமேட்டிக்’ என்றால் சரமாரியாகச் சுடும்.

உண்மை: விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான். வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்வது மட்டுமே தானாக நடக்கும். ஆனால், சுட்ட கையோடு அடுத்த குண்டுக்கும் அது தயாராகிவிடுகிறது. பாதுகாப்புப் பூட்டுகள் தேவைப்பட்டதே அதனால்தான்.

நம்பிக்கை 2: பழைய பிஸ்டல்களில் பூட்டே கிடையாது.

உண்மை: ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை செய்த 1900 மாடலிலேயே பக்கவாட்டில் கைப்பூட்டு உண்டு. 1903 மாடலில் பிடியின் பின்புறமும் ஒரு பூட்டு வந்தது. பிடியை இறுகப் பற்றினால்தான் சுடும். இந்தப் பிடிப்பூட்டு, 1887-லேயே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் இருந்ததுதான்.

நம்பிக்கை 3: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி.

உண்மை: இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. குழலுக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயேதான் இருக்கும். அதற்காகவே எஃப்.என். 1910 மாடலில், மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி மூன்றாவது பூட்டு வைத்தார்கள். ஆனால் 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலில் அந்தப் பூட்டு இல்லை. அதை வடிவமைத்தவரும் பிரௌனிங்தான்.

நம்பிக்கை 4: பூட்டுப் போட்டிருந்தால் கீழே விழுந்தாலும் வெடிக்காது.

உண்மை: அந்தக் கோல்ட் பிஸ்டலின் பூட்டுகள் விசையையும் சுத்தியலையும் நிறுத்திவைத்தன, தோட்டாவின் அடியில் குத்தும் ஊசியை அவை பிடிக்கவில்லை. குழல்முனை தரையில் பலமாக மோதினால் ஊசி முன்னே பாய்ந்து வெடிக்க வாய்ப்புண்டு. ஊசியையும் தடுக்கும் பூட்டைக் கோல்ட் நிறுவனம் தன் பிஸ்டல்களில் பரவலாகச் சேர்த்தது 1980-களில்தான்.

ஒவ்வொரு பூட்டும் ஒருவகை விபத்தைத்தான் தடுக்கும். எல்லாவற்றையும் தடுக்கும் பூட்டு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பழைய வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ துருப்பிடித்த துப்பாக்கி கிடைத்தால், காலிதான் என்று நம்பி யாரும் கையில் எடுக்க வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.