காலியாகத் திரும்பும் வண்டி

மூணாறு ஸ்டாண்டில் சின்னக்கானலுக்கு வண்டி பேசும் சென்னைக்காரர் முதலில் கேட்பது, “இருபது கிலோமீட்டருக்கா இவ்வளவு?” அடுத்தது, “இங்கே ஆப் கிடையாதா?” பெருநகரத்து டாக்ஸியைப் பற்றிய நம்பிக்கைகள் அத்தனையும் இந்த இரண்டு கேள்விகளோடு சேர்ந்து மலையேறி வந்துவிடுகின்றன.

“நாம் போகும் தூரத்துக்குத்தானே காசு?”

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2022 மே மாதம் முதல் கேரள அரசு நிர்ணயித்த கட்டணம், 1500 சிசிக்குக் கீழான டாக்ஸிக்கு முதல் 5 கிலோமீட்டருக்கு 200 ரூபாய், பிறகு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 18 ரூபாய். இருபது கிலோமீட்டருக்கு 470 ரூபாய் வருகிறது. கேப் ரோடு தாண்டி, பெரியகானல் வழியாகச் சின்னக்கானல் விடுதியில் இறக்கிவிடும் ஓட்டுநருக்கு அந்திக்குப் பிறகு திரும்புகால் சவாரி கிடைப்பது அரிது. காலியாகத் திரும்பினால் 40 கிலோமீட்டர் ஓடி 470 ரூபாய். கிலோமீட்டருக்கு 12 ரூபாய்கூடத் தேறவில்லை. அதிலும் வழி முழுக்க மலை ரோடு. ஸ்டாண்டில் கேட்கும் கூடுதல் தொகைக்குள் ஒளிந்திருப்பது இந்த ‘ரிட்டர்ன் காசு’தான். அதை வெளிப்படையாகச் சொல்லாததால் பயணிக்கு ஏமாற்று வேலையாகத் தெரிகிறது. திரும்பும்போது ஆள் ஏற்றிக்கொண்டு அவரிடமும் ரிட்டர்ன் காசு வாங்கினால், அது ஏமாற்று வேலையேதான்.

நகரத்திலும் இதே சிக்கல் உண்டு, தூரம்தான் குறைவு. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வாடகை வாகனச் செயலிகளுக்கான வழிகாட்டு நெறிகள், அடிப்படைக் கட்டணம் குறைந்தது 3 கிலோமீட்டருக்காவது இருக்க வேண்டும் என்கின்றன. பயணியை ஏற்ற வண்டி காலியாக ஓடிவரும் தூரத்துக்கான ஈடு அது.

“ஆப் வந்தால் விலை இறங்கிவிடும்.”

நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்குவரை வாங்கலாம் என்று ஒன்றிய அரசின் 2020 நெறிமுறை வரம்பு வைத்தது. 2025இல் அந்த வரம்பு இரண்டு மடங்காக உயர்ந்தது. மழை பெய்யும் மாலையில் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சென்னைவாசிக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சரி, அரசே ஆப் நடத்தினால்? கேரளம் அதையும் செய்து பார்த்தது. தொழிலாளர் துறை 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் ‘கேரள சவாரி’யைத் தொடங்கியது, தொழில்நுட்பம் பாலக்காட்டு ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறை நிறுவனத்தினுடையது. சேவைக் கட்டணம் 8 சதவீதம் மட்டுமே, நெரிசல் நேர ஏற்றமும் கிடையாது. எண்ணம் நல்ல எண்ணம். ஆனாலும் தள்ளாடியது. வண்டி குறைவாக இருக்கும் ஆப்பைப் பயணி இரண்டாம் முறை திறப்பதில்லை; பயணி வராத ஆப்பில் ஓட்டுநர் காத்துக் கிடப்பதில்லை. பிறகு தொழில்நுட்பத்தை மாற்றி அதை மறுபடியும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

“மூணாறு பக்கம் ஆன்லைன் டாக்ஸிக்குத் தடை.”

அப்படி ஒரு தடையே இல்லை. 2025இல் மும்பையிலிருந்து வந்த ஒரு பெண் பயணியின் ஆன்லைன் காரை உள்ளூர் டாக்ஸிக்காரர்கள் மறித்தார்கள். அங்கு வந்த போலீஸாரும் அவர்கள் பக்கமே பேசினார்கள். அவர் வெளியிட்ட காணொளி பரவியதும் ஓட்டுநர்கள் கைதானார்கள், போலீஸார் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். தடை எதுவும் இல்லை என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் சொன்னார். ரிட்டர்ன் காசு நியாயமான கோரிக்கை. அதற்காக அடுத்தவர் வண்டியை மறிப்பது ரவுடித்தனம். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறவர்களால்தான் முதல் கோரிக்கையும் கெட்டுப்போகிறது.

அதே ஆண்டு பிப்ரவரியில், மூணாற்றிலிருந்து ஆனையிறங்கல்வரை கண்ணாடி மாடி பஸ்ஸை கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் விட்டபோதும் டாக்ஸிக்காரர்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள். குறித்த நேரத்தில் கிளம்பி, காட்சி காட்டிவிட்டுத் திரும்பும் பஸ் அது. பெட்டி படுக்கையோடு ராத்திரி விடுதி தேடுகிறவர் அதில் ஏறப்போவதில்லை.

“மீட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.”

சென்னை ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் கட்டணம் வகுத்தார்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதோடு மறந்துவிட்டார்கள். பெட்ரோல் விலை ஏறியது, மீட்டர் விலை ஏறவில்லை. பத்தாண்டுக்கு மேலாகியும் அதே கட்டணம் என்றால் எந்த ஓட்டுநர் மீட்டரைத் தொடுவார்?

சின்னக்கானல் பஞ்சாயத்துக்குள்ளேயே ரிட்டர்ன் காசுச் சிக்கலுக்கு வேறொரு வழி ஓடிக்கொண்டிருக்கிறது. சூரிய உதயம் பார்க்கப் பயணிகள் போகும் கொலுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும், வண்டி ஏறும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். கடைசிப் பகுதி முழுக்கக் கல்லும் பள்ளமும்; அங்கே காரை விட்டால் அடிப்பாகம் உருப்படாது. ஜீப்புக்கு வாடகை ஆள் கணக்கில் இல்லை, வண்டிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்தது. போக வர சேர்த்தே பேசுவதால் காலியாகத் திரும்பும் தூரம் என்ற பேச்சே எழுவதில்லை. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லவும் முடியாது. மூணாறு அருகே நடந்த ஒரு ஜீப் விபத்துக்குப் பிறகு, 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்திவைத்தது. பின்னர் நிபந்தனைகளோடு மறுபடியும் அனுமதித்தது. இப்போதும் விடியலுக்கு முன்பே சூரியநெல்லியில் ஜீப்புகள் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பேராக வந்தவர்கள், வாடகையைப் பங்கு போட இன்னும் நாலு பேர் வருவார்களா என்று குளிரில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.