வலைப்பக்கத்தின் பாயிரம்

நூலுக்கு முன் பாயிரம் நிற்றல் நன்னூல் கற்ற நம்மனோர்க்குப் புதிதன்று. வலைப்பக்கத்துக்கும் பாயிரம் உண்டென்பதனையும், அதன் முறை பிறழின் விளையும் இடரையும் யான் சென்ற விடுமுறையிலேதான் உணர்ந்தேன்.

நாமக்கல்லில் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளிலும் சேலத்துக் கொலுசுப் பட்டறைகளிலும் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டுதற்கு, பி.எச்.பி. மொழியில் சிறியதொரு படிவம் இயற்றினேன். சொல்லைப் பதிந்தவர் உடனே நன்றிப் பக்கத்துக்குச் செல்லல் வேண்டும். என் கணினியில் அங்ஙனமே நிகழ்ந்தது. வாடகை சர்வரில் ஏற்றியவுடன், தலைப்புகள் முன்னரே அனுப்பப்பட்டன என்னும் பொருள்பட எச்சரிக்கையொன்று தோன்றிப் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது.

காரணம் இது. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த முதல் எச்.டி.டி.பி. முறையில் தலைப்பே இல்லை. 1996இல் பதிவான 1.0 முறையில் அஃது இடம்பெற்றது. அதன்படி சர்வரின் மறுமொழி நிலைவரி, தலைப்பு வரிகள், வெற்று வரி, உடல் என்னும் வரிசையில் அமையும். 'வேறிடம் செல்க' எனப் பணிக்கும் லொகேஷன் வரி தலைப்பைச் சார்ந்தது. உடலின் ஓரெழுத்து, ஏன், ஓர் இடைவெளி புறப்பட்டுவிடினும் பாயிரம் முடிந்ததாகும். பின் எதனையும் அதனிற் சேர்த்தல் இயலாது.

அவ்வெச்சரிக்கை இரண்டு இடங்களைச் சுட்டும்: வெளியீடு தொடங்கிய வரி ஒன்று, தலைப்பு அனுப்ப முயன்ற வரி மற்றொன்று. யான் இரண்டாவதனையே இரண்டு நாள் திருத்தித் திருத்தி அயர்ந்தேன். குற்றமோ முதலாவதில். அது கோப்பின் முதல் வரியைக் காட்டிற்று. ஆண்டுக் கண்ணுக்குத் தெரிவது யாதுமில்லை! தமிழெழுத்தின்பொருட்டு யூ.டி.எஃப்-8 முறையிற் சேமித்தபோது, பழைய நோட்பேட் செயலி 'பைட் ஆர்டர் மார்க்' எனப்படும் மூன்று பைட்டுகளைத் தானே முன்வைத்திருந்தது. (2019ஆம் ஆண்டின் விண்டோஸ் பதிப்பு முதல் அவ்வழக்கம் இயல்பாக இல்லை.) என் கணினியில் வெளியீட்டை 4096 பைட் வரை தேக்கிவைக்கும் அமைப்பு இருந்தமையால் பிழை மறைந்து கிடந்தது. தேக்கத்தை நம்புதல் மருந்தன்று. அம்மூன்று பைட்டுகளை நீக்கினேன். கோப்பின் இறுதியிலுள்ள மூடுகுறியையும் விடுத்தேன். அதன் பின் வெற்று வரிகள் எஞ்சினும் இதே இடர் நேரும்.

நிலைவரியின் எண்ணும் கருதற்பாலது. பி.எச்.பி. தானே இடுவது 302. படிவம் ஏற்றபின் 303 பொருத்தமாம். 301 நிலையான மாற்றமாதலின், உலாவி அதனை நினைவிற்கொண்டு, சர்வரைக் கேளாமலே முன் சொன்ன இடத்துக்குச் செல்லக்கூடும். சோதனைக்காலத்தில் அதனை இடுவார் தாமே மயங்குவர்.

இவை யாவும் சிறியன. பதிந்தவர்தம் பெயரும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியற் பக்கத்தை, உள்நுழையாதார் நாடின் வேறிடம் அனுப்புமாறு வைத்திருந்தேன். ஆனால் லொகேஷன் வரிக்குப் பின் 'எக்ஸிட்' எழுதிலேன். உலாவி வேறிடம் சென்றது; நிரலோ நில்லாது ஓடிப் பட்டியல் முழுவதையும் மறுமொழியின் உடலில் அனுப்பியே வந்தது. உலாவி காட்டாமையால் யான் அறிந்திலேன். கர்ல் என்னும் கருவியால், திசைமாற்றத்தைப் பின்பற்றாது மறுமொழியை உள்ளவாறே நோக்கியபோது, என்னை நம்பித் தந்தோர் எண்கள் அனைத்தும் திரையில் வந்து நின்றன. அவ்வொரு சொல்லைச் சேர்த்தேன். மறுநாள் பட்டறைகளுக்குச் சென்று, நடந்ததை ஒளியாது சொன்னேன்.